முடிவு தெரிந்தபின் மெதுவாக வாசித்தவர்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்தபோது நான் வகுப்பில் கேத்திரகணிதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். இன்னாரின் மகளும், மர்ஹூம் இன்னாரின் மனைவியுமானவர் வபாத்தாகிவிட்டார் என்றார்கள். எங்கள் ஊர்களில் பெண்களின் மரணத்தை இப்படித்தான் அறிவிப்பார்கள். யாரோ ஒரு பெண் என்று நினைத்து, சொல்ல வேண்டிய பிரார்த்தனையை வாய்க்குள் சொல்லிவிட்டு மறுபடியும் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். இடைவேளையில் ரினோஸா தொலைபேசியில் அழைத்தாள். "டீச்சர், உம்மா மௌத்தாகிட்டாங்க" என்றாள். சற்றுமுன் என் காதில் விழுந்து கடந்துபோன மரணம் மர்ழியா ராத்தாவுடையது என்று அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் யாருடைய மனைவி என்று நான் கேட்டதே இல்லை. எனக்கு அவர் மர்ழியா ராத்தா, மூத்த சகோதரி மாதிரி. அந்தப் பெயரைச் சொல்லி ஆரம்பிக்க வேண்டும் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்களில் பலருக்கு அவர் மிசி, வார்டுத் தாதி. காய்ச்சலோடும் உடைந்த காலோடும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது உங்களை அதட்டி மருந்து குடிக்க வைத்தவர். ஊசி ஏற்றுமுன் "சாப்பிட்டீங்களா, என்ன கறி?" என்று கேட்பார். நீங்கள் கறியை யோசித்து முடிப்பதற்குள் ஊசி ஏறி இறங்கியிருக்கும். எனக்கு அவரைத் தெரிந்தது வாசகராக. அதுவும் ஒரே வகைப் புத்தகங்களின் வாசகராக. கொலை, களவு, காணாமல் போதல் இருந்தால்தான் புத்தகத்தைக் கையில் எடுப்பார். "கொலகாரன் ரெண்டாவது அத்தியாயத்துல யாரோட வீட்டயாவது தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இரிப்பான், பாரு" என்பார். பெரும்பாலும் அவர் சொன்ன ஆள்தான் கடைசியில் பிடிபடுவான். ஒருமுறை தவறாக ஊகித்துவிட்டு, எழுதியவருக்குத்தான் விளங்கவில்லை என்று எங்கள் வாசகர் வட்டத்தில் சளைக்காமல் வாதாடினார். நாங்கள் சிரிக்கச் சிரிக்க அவருக்குக் கோபம் ஏறியது. அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்கு ஒரு பெட்டி நிறைய வட்டிலப்பத்தோடு வந்து, "சரி, நான்தான் தோத்தன், தின்னுங்க" என்றார்.

நான் எழுதிய ஒரே நாவல் "மூன்றாம் மதகு" வெளியானபோது அவரை எனக்கு முகமளவில்தான் தெரியும். நாவலின் கதை இதுதான். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் இளம் வட்டவிதானை ஒருவன் விடிகாலையில் மதகு திறக்கப் போகிறான், திரும்பி வரவில்லை. என்ன நடந்தது என்பதை ஓய்வுபெற்ற ஒரு நில அளவையாளர் வாய்க்காலின் நீர்மட்டத்தை வைத்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடிக்கிறார். ஊரின் இரண்டு போகங்கள் கழிந்த பிறகுதான் கொன்றவன் யார் என்பது தெரியவருகிறது. வெளியீட்டு விழாவில் பேசிய எல்லோரும் கதை மெதுவாகப் போகிறது என்று ஏதோ ஒரு விதத்தில் சொன்னார்கள். ஒரு பாடசாலை அதிபர் அதை நாகரிகமாக, "பொறுமையோடு அணுக வேண்டிய நூல்" என்றார். இன்னொருவர், முதல் பாதியில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை என்றார். மண்டபம் சிரித்தது. மேடையில் இருந்த நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

தலைவர் ஒப்புக்கு, "வாசகர்கள் யாரும் கருத்துச் சொல்ல விரும்பினால்" என்று கேட்டார். பெண்கள் பக்கத்துக் கதிரைகளில் இருந்து ஒருவர் எழுந்தார். ஒலிவாங்கி வருவதற்காக அவர் காத்திருக்கவில்லை.

"இங்க கதைச்ச எல்லாரும் கதை மெதுவாப் போகுது என்டீங்க. எனக்கென்டா அது ஓட்டமா ஓடிட்டுது. மகன் காணாமப் போய் மூணாம் மாசம் அந்தத் தாய் தங்கச்சிர வீட்ட போய் இரிக்கா. மூணு மாசத்துல ஒரு உம்மாவுக்கு வீட்ட உட்டுப்போட்டுப் போக ஏலுமா? எழுதினவங்க அதுல அவசரப்பட்டுட்டாங்க. பிறகு, கொன்டவன் பிடிபட்டதும் கதை முடிஞ்சிட்டு. அந்த உம்மா அதுக்குப் பிறகு என்ன செஞ்சா?"

இவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். பாராட்டுகளும் கிண்டல்களும் அன்று மாலையே மறந்துபோயின. அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. துப்பறியும் கதை வாசிக்கிறவருக்குத் தாயைப் பற்றி என்ன என்று வீட்டில் சொல்லித் திரிந்தேன். ஆனாலும் சில நாட்களில் அவருடைய வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன்.

வாசலில் நின்ற என்னைக் கண்டு அவர் ஆச்சரியப்படவில்லை. "சண்டை பிடிக்க வந்தீங்களா, தேத்தண்ணி குடிக்க வந்தீங்களா?" என்று கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன். அன்றுதான் தன் தம்பி நிஸாரைப் பற்றிச் சொன்னார்.

யுத்தம் நடந்த அந்தப் பொல்லாத காலத்தில் நிஸார் பொத்துவிலில் ஒரு கடையில் வேலைக்கு நின்றவன். பெருநாளைக்கு வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டவன் வந்து சேரவில்லை. அவன் பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர் இருந்தார்கள். இறங்கியதைக் கண்டவர் இல்லை. வாப்பா தேடி அலைந்து நோயில் விழுந்து மௌத்தானார். உம்மா தேடிப் போகவில்லை, வீட்டை விட்டு நகரவும் இல்லை. பக்கத்துத் தெருவில் நடந்த சொந்தத் தங்கையின் மகளுடைய கலியாணத்துக்குக்கூட முகத்தைக் காட்டிவிட்டு உடனே திரும்பிவிட்டாராம்.

"சுனாமிக் கடல் வந்த நேரம் உம்மா மருந்தெடுக்க ஊருக்குள்ள எங்கட வீட்ட வந்திருந்ததால தப்பினா. வீடு அத்திவாரத்தோட போயிட்டு. கடலுக்குத் தூரமா வீடு கட்டித் தந்தாங்க, புது வீடு. உம்மா போகல்ல. வீடு இருந்த இடத்துல தகரத்தால ஒரு கொட்டில் அடிச்சித் தரச் சொல்லி அதுக்குள்ள இருந்தா. என்ன சொல்லியும் கேக்கல்ல. 'அடையாளமெல்லாம் அழிஞ்சி போய்க் கிடக்கு, நானும் இல்லாட்டி அவன் எதக் கண்டு வருவான்' என்டு கேட்டா. அந்தக் கொட்டிலுக்குள்ளதான் மௌத்தானா." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எழுதின உம்மா நல்ல உம்மாதான். ஆனா அவ காத்துக்கிட்டு இரிக்கல்ல, புள்ள. நீங்க சொன்னதுக்காக இருந்தா" என்றார்.

'நீங்க' என்று தொடங்கிய பேச்சு தேத்தண்ணி முடிவதற்குள் 'புள்ள' ஆகியிருந்தது. அதன் பிறகு நான் அவர் வீட்டுக்குப் போகாத வாரம் குறைவு. வாசகர் வட்டத்துக்கும் அவரை நான்தான் கூட்டிப் போனேன்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்ததை உடன் வேலை செய்தவர்கள் அறிவார்கள். திருக்கோவில், தம்பிலுவில், பொத்துவில் என்று தெற்குப் பக்கத்திலிருந்து வயதானவர் யாராவது வார்டுக்கு வந்தால், காய்ச்சல் பார்த்து முடிந்ததும் கட்டிலருகே நின்று கேட்பார். "அந்தக் காலத்துல உங்கட பக்கம் ஒரு பொடியன், மெலிஞ்ச ஆள், கல்முனைப் பொடியன், கண்ட கேட்ட கதை ஏதும் இரிக்கா?" தமிழரா, முஸ்லிமா என்று பார்க்க மாட்டார். எல்லோரும் இல்லை என்பார்கள். அவர் "பரவால்ல" என்று தலையணையைச் சரிசெய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். ஓய்வு பெறும் காலம் நெருங்கியபோது, இனி யாரிடம் கேட்பது என்பதுதான் அவருடைய பெரிய கவலையாக இருந்தது.

அந்தக் கடைசி வருடத்தில்தான் தம்பிலுவிலைச் சேர்ந்த தங்கராசா அண்ணன் கால் முறிந்து வார்டுக்கு வந்தார். வாழ்நாள் முழுவதும் கரைவலை இழுத்தவர். ராத்தா வழக்கம்போலக் கேட்டார். அவரும் எல்லோரையும் போலத் தெரியாது என்றார். கால் சரியாகி வீட்டுக்கும் போய்விட்டார். பல மாதங்கள் கழித்து, தன் மகனோடு ராத்தாவின் வீட்டைத் தேடி வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். கதிரையில் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கைத்தடியைப் பிடித்தபடி நின்றே பேசினார்.

"மிசி, அண்டைக்கு நீங்க கேக்கக்குள்ள தெரியாது எண்டு சொன்னன். அது பொய். பொய்ய வெச்சிக்கொண்டு என்னால இருக்க ஏலாமக் கிடக்கு."

அவர் தொடர்ந்து சொன்னார். அந்தக் காலத்தில் ஒரு நாள் வலை வளைக்கப் போன இடத்தில் ஓர் இளைஞனின் உடலைக் கடல் கரையில் ஒதுக்கியிருந்தது. யாரிடமாவது சொன்னால் தன்னையும் சேர்த்து விசாரிப்பார்கள் என்று பயந்து, தாழம் புதர்களுக்குப் பின்னால் மேட்டு மணலில் தனியாகவே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"அது என்ட தம்பிதான் என்டு எப்படித் தெரியும்?" ராத்தாவின் குரல் வார்டில் கேட்கும் குரலாக இருந்தது.

"விரல், மிசி. மண் போடக்குள்ள கடைசியா மூடினது காலத்தான். ரெண்டு விரல் ஒட்டிக்கிடந்தது. ஆஸ்பத்திரியில நான் படுத்துக்கிடக்க, நீங்க கட்டிலுக்குப் பக்கத்துல வந்து நிண்டு கேட்டநீங்க. உங்கட முகத்தப் பார்க்க ஏலாமக் கீழ பார்த்தன், செருப்புக்குள்ள உங்கட கால் தெரிஞ்சது. அதே விரல்."

ராத்தா குனிந்து தன் காலைப் பார்த்தார். இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் ஒட்டியே பிறந்த கால். அவருடைய உம்மாவுக்கும் நிஸாருக்கும் அப்படித்தான். நாங்கள் யாரும் அதை ஒரு பொருட்டாகப் பார்த்ததில்லை. அவர் வாசித்த அத்தனை புத்தகங்களிலும் தடயம் தேடியவர். தன் காலைத் தடயமாக நினைத்திருக்க மாட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் ஒரு வேனில் தம்பிலுவிலுக்குப் போனோம். ராத்தா, அவருடைய மகன், நான். தங்கராசா அண்ணன் கைத்தடியோடு மணலில் முன்னே நடந்தார். தாழம் புதர்களில் பாதியைச் சுனாமி கொண்டுபோய், மணல் மேடு மட்டும் நின்றது. ஆனாலும் அவர் தடுமாறவில்லை. ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு சாட்டில் அந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அவருடைய மகன் என்னிடம் மெதுவாகச் சொன்னார். அந்த மகனுக்கே காரணம் அந்த வாரம்தான் தெரியவந்ததாம்.

இடத்தைக் காட்டியதும் ராத்தா கேட்டவை எல்லாம் நான் எதிர்பார்த்த கேள்விகள் அல்ல. "என்னத்தால மூடினீங்க?" என்று முதலில் கேட்டார்.

"கட்டியிருந்த சாரத்த அவிட்டுப் போர்த்தினன். உள்ளுக்குக் காற்சட்டை போட்டிருந்தன். அதோடதான் வீட்ட போனன்."

"முகம் எந்தப் பக்கம் இருந்திச்சி?"

"உங்கட முறை எனக்குத் தெரியாது மிசி. கடல்ல பட்ட பாடு காணும் எண்டு நினைச்சி முகத்தக் கரைப்பக்கம் திருப்பி வெச்சன். பிழையோ?"

எங்கள் கடற்கரையில் கடல் கிழக்கு, கரை மேற்கு. நாங்கள் எங்கள் ஜனாஸாக்களின் முகத்தைத் திருப்பி வைப்பதும் மேற்கே, தொழுகைத் திசையான கிப்லாவை நோக்கித்தான். மர்ழியா ராத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பிழையில்ல அண்ணன். ஒரு பிழையுமில்ல" என்று பிறகு சொன்னார். இத்தனை வருடங்களில் அவர் அழுததை நான் அன்றுதான் கண்டேன். தங்கராசா அண்ணனும் அழுதார். ராத்தாவின் மகன் கையேந்தி துஆ கேட்டான்.

இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் எழுதினால் ராத்தா கோபித்துக்கொள்வார். நிஸார் கடலுக்கு எப்படிப் போனான், அவனைக் கொண்டுபோனது யார் என்பது தங்கராசா அண்ணனுக்குத் தெரியாது. ராத்தா அதை அவரிடம் வெவ்வேறு விதமாகத் திரும்பத் திரும்பக் கேட்டார். முறைப்பாடு செய்தார். விசாரிக்கிறவர்கள் வந்து வாக்குமூலம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அவரை மன்னிக்கும் மனசுள்ள மாதரசியாக யாராவது புகழ்ந்தால், "நான் ஆர மன்னிக்கிற? ஆள் ஆரென்டு சொல்லுங்க முதல்ல" என்று வெட்டிவிடுவார். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை கடைசிவரை அவரிடம் இருந்தது. தெரியாமலேதான் போனார்.

தம்பிலுவிலுக்குப் போய் வந்த பிறகு "மூன்றாம் மதகு" நாவலை மறுபடியும் வாசித்தார். அடுத்த வாசகர் வட்டக் கூட்டத்தில் கேட்காமலே எழுந்து நின்றார். "முந்தி இது ஓட்டமா ஓடுது என்டு சொன்னன். இப்ப மெதுவாத்தான் போகுது" என்றார். கட்சி மாறிவிட்டீர்களே என்று ஒருவர் கேலி செய்தார். ராத்தா சிரிக்காமல் சொன்னார்: "முடிவு தெரியாட்டி ஒவ்வொரு பக்கத்தையும் நாம தள்ளிக்கிட்டுத்தான் போற. அந்தப் பொடியன் மதகடிக்குப் போக முந்தி என்ன சாப்பிட்டான், உம்மாக்கிட்ட என்ன சொன்னான் என்டு இவ எழுதியிருக்கிறத நான் முதல்ல வாசிக்கவே இல்ல, பாய்ஞ்சி போயிட்டன். இப்பதான் நிண்டு வாசிச்சன். நல்லா இரிக்கி."

பாராட்டிவிட்டார் என்று நான் மகிழ்ந்திருந்தபோது வீட்டுக்கு வரும் வழியில் ஓட்டோவில் மீதியைச் சொன்னார். "ஒன்ட கதையில கண்டுபிடிக்கிறவன் பெரிய கெட்டிக்காரன். வாய்க்காலப் பார்த்துக் கொலய அளக்கிறான். என்ட கதையில கண்டுபிடிச்சித் தந்தவர் பயந்த மனிசன். பயந்துகொண்டே வந்து சொன்னாரு. அடுத்த தடவ அப்படி ஒரு ஆள எழுது, புள்ள. ஊரெல்லாம் அப்படி ஆக்கள்தான் இரிக்காங்க."

அந்த அடுத்த நாவலை நான் பாதிவரை எழுதியிருக்கிறேன். நெஞ்சு வருத்தம் கூடி அவர் வீட்டோடு இருந்த மாதங்களில் ஒவ்வோர் அத்தியாயமாக வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்பார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நிறுத்தினால், "ஏன் நிப்பாட்டின, அந்தாள் கதவத் தட்டினாரா இல்லையா?" என்பார். கடைசியாக வாசித்த அத்தியாயத்தைப் பற்றி அவர் சொன்ன கருத்து, அதில் வரும் சிறுமி அதிகம் கதைக்கிறாள் என்பது. அவளைக் குறைத்துவிட்டேன்.

ராத்தாவின் ஜனாஸா அறிவித்தல் வந்த அன்றே மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கப்பட்டது. மறுநாள் தங்கராசா அண்ணன் பஸ் பிடித்து வந்தார். செய்தி தாமதமாகத்தான் கிடைத்ததாம். முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்து, ரினோஸா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். நான் அருகே போனதும், "டீச்சர், அவவுக்குச் சொல்லாம ஒண்டு வெச்சிருந்தன். வருத்தக்காறிக்கு ஏன் எண்டு விட்டன்" என்றார். என்ன என்று கேட்டேன்.

"அந்த இடத்துல இன்னொராளும் இருக்கார். தம்பிய வெச்சி ஒரு மாரி கழிஞ்ச பிறகு கடல் கொண்டுவந்தது. வயசாளி. எங்கட ஆள். முன்னங்கையில வேல் ஒண்டு பச்ச குத்தியிருந்தது. அவரயும் நான்தான் வெச்சன். ஆரும் வந்து கேக்கல்ல. மிசி மாதிரிக் கேக்க எல்லாருக்கும் தெரியாதுதானே. எனக்கும் போய்ச் சொல்ல வீடு தெரியாது. நீங்க கொஞ்சம் கேட்டுப் பார்ப்பீங்களா?"

"ஓம் அண்ணன், கேப்பம்" என்றேன். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டுத்தான் அவர் எழுந்தார்.

மர்ழியா ராத்தாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என்ன என்று இந்த நாட்களில் யோசித்தேன். ஒரு கதையைக் கையில் எடுத்ததும், இதைச் செய்தது யார் என்று கேட்பதற்கு முன், எந்த வீட்டில் யார் காத்திருக்கிறார் என்று கேட்கிறேன். அதை எனக்குப் பழக்கிவிட்டவர் அவர். அவரை அறிந்த நீங்கள் அவருக்காக துஆச் செய்யுங்கள், பிரார்த்தியுங்கள். அத்தோடு இன்னொன்றும் கேட்கிறேன். திருக்கோவில் பக்கமோ, பாண்டிருப்போ, காரைதீவோ, எந்த ஊராக இருந்தாலும் சரி. முன்னங்கையில் வேல் பச்சை குத்திய வயதான ஒருவர் அந்தக் காலத்தில் வீட்டிலிருந்து போய்த் திரும்பாமல் இருந்தால், அந்த வீட்டுக்காரர்களிடம் சொல்லுங்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று காட்ட எங்களிடம் ஆள் இருக்கிறார்.